மக்கள் வரைபடமும் பெங்களூரின் நீர்வழிகளும்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முகட்டின் மீது அமைந்துள்ளது. அதனூடே பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. முகட்டின் இருபுறமும் இறங்கும் மழைநீர் மூன்று பெரிய பள்ளத்தாக்குகளின் வழியே வெளியேறுகிறது. விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் நீர் அர்க்காவதியை அடைந்து காவிரியில் கலக்கிறது. ஹெப்பாள், கோரமங்களா–செல்லகட்டா ஆகிய மற்ற இரு பள்ளத்தாக்குகளின் நீர் கிழக்கே சென்று, கன்னடத்தில் தட்சிண பினாகினி என வழங்கும் தென்பெண்ணையாற்றைச் சேர்ந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்பதைக் காண்போர், அதன் பிறப்பிடத்தை மாநில எல்லைக்கு அப்பால் தேட வேண்டியுள்ளது.

ஆறில்லாத இம்மேட்டு நிலத்தில் முன்னோர் ஏரிகளைச் சங்கிலித் தொடராக அமைத்தனர். ஒன்றின் மறுகால் நீர் அடுத்ததற்கு வரத்தாகும். அவற்றை இணைக்கும் பெருங்கால்வாய்களுக்கு ராஜகாலுவே என்று பெயர். நகரம் விரிந்தபோது இத்தொடர் அறுந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டதில், 1973க்குப் பின் வந்த நான்கு பத்தாண்டுகளில் நகரின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 79 சதவீதம் குறைந்திருப்பது தெரிய வந்தது. ஏரிகளைக் காப்பது பற்றி ஆராய லட்சுமண் ராவ் தலைமையில் 1985லேயே ஒரு குழு அமைக்கப்பட்டது; அதன் பரிந்துரைகளும் அரசிடம் இருந்தன. ஆயினும் 2021இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, விருஷபாவதி, கோரமங்களா பள்ளத்தாக்குகளில் இயற்கை வடிகால்களின் நீளம் நூறாண்டுகளுக்கு முன்பிருந்ததில் ஏறத்தாழ பாதியாகக் குறுகிவிட்டதைச் சுட்டிக்காட்டியது.

2022 செப்டம்பர் 4, 5 தேதிகளில் நகரில் ஒரே நாளில் 131.6 மில்லிமீட்டர் மழை பதிவானது. வெளிவட்டச் சாலையும், பெல்லந்தூர், மகாதேவபுரா பகுதிகளும் நீரில் மூழ்கின. உழவு இழுவை வண்டிகளில் அலுவலகம் சென்ற மென்பொருள் வல்லுநர்களின் படங்கள் நாடெங்கும் வெளிவந்தன. அதன் பின் ஆக்கிரமிப்புகளை அகற்றும் பணி தொடங்கியபோது எழுந்த வாதங்கள் படங்களைப் போல வேடிக்கையானவை அல்ல. இவ்விடத்தில் கால்வாய் இருந்ததா, இருந்ததெனில் எந்தச் சர்வே எண்ணில், எவ்வளவு அகலத்தில் இருந்தது, யாருடைய வரைபடம் செல்லுபடியாகும் என்பனவே அவ்வாதங்களின் பொருள். வீட்டின் ஒரு பகுதியை இழக்க நேரும் குடும்பத்திற்கும், ஒவ்வொரு மழைக்கும் தரைத்தளத்தில் நீர் புகும் குடும்பத்திற்கும் அக்கேள்வியின் விடை வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

தகவலுக்குப் பஞ்சமில்லை

பெங்களூரின் சுற்றுச்சூழலைப் பற்றிய தகவல்கள் இல்லாமையால் இந்நிலை ஏற்பட்டது என்று கூற முடியாது. 1988இல் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவாகத் தொடங்கி, இன்று கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமாக வளர்ந்துள்ள நிறுவனம், தானியங்கி மழைமானிகளின் மூலம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மழையளவைப் பெறுகிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏரிநீரைச் சோதிக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. வருவாய்த் துறையிடம் பழைய கிராம வரைபடங்கள் உள்ளன. மாநிலத் தொலையுணர்வு மையம் அவற்றைக் கணினியில் ஏற்றியுள்ளது. இவை தவிர, தங்கள் தெருவில் எந்த மழைக்கு எவ்வளவு நீர் தேங்கும், எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும் என்பதை அப்பகுதி மக்கள் நன்கறிவர்.

குறை யாதெனில், இவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை. மழைக்கணக்கு ஓர் அலுவலகத்தில் எண்களாகவும், நீரின் தரம் மற்றோர் அலுவலகத்தில் அட்டவணையாகவும், கால்வாயின் எல்லை வேறோர் அலுவலகத்தில் துணியில் வரைந்த படமாகவும், மக்களின் அனுபவம் வெறும் பேச்சாகவும் நிற்கின்றன. இவை அனைத்திற்கும் பொதுவான ஒன்றே ஒன்று இடமாகும். எல்லாத் தகவலும் ஏதோ ஓரிடத்தைப் பற்றியதே. ஆகவே அவற்றை ஒன்று சேர்ப்பதற்கு ஏற்ற களம் வரைபடமே எனலாம்.

அச்சிட்ட வரைபடம் வரைந்தவர் கூற விரும்பியதை மட்டும் கூறும். ஊடாடும் வரைபடம் என இன்று அழைக்கப்படுவது, பார்ப்பவர் கேட்பதற்கு விடை தரும். கணினித் திரையிலோ கைத்தொலைபேசியிலோ அதனைத் திறப்பவர், ஏரிகளை மட்டும் காட்டு எனலாம். அதன் மீது கால்வாய்களை ஏற்றலாம். ஒரு கிணற்றின் குறியைத் தொட்டு அதன் ஐந்தாண்டு நீர்மட்டத்தைக் காணலாம். தாமறிந்த ஒன்றைத் தாமே சேர்க்கவும் செய்யலாம். இக்கடைசி வசதியே அதனை மக்கள் வரைபடம் ஆக்குகிறது. க்யூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களும், 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்து வரும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடமும் கிடைப்பதால், கருவிக்கான செலவு இன்று பெரிதன்று. உழைப்பு வேறிடத்தில் வேண்டப்படுகிறது.

எண்ணின் பிறப்புக் குறிப்பு

ஏரி ஒன்றின் நீரில் கரைந்துள்ள உயிர்வளி லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்று ஒருவர் அளந்து வரைபடத்தில் இடுகிறார் எனக் கொள்வோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரை அதன் பயனுக்கேற்ப 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து வகைகளாகப் பிரித்துள்ளது. மீன்கள் வாழத் தகுந்த 'டி' வகைக்கு உயிர்வளி 4 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. ஆகவே 6 என்பது நல்ல அளவே. வரைபடத்தில் அவ்வேரி பச்சை நிறம் பெறும். ஆனால் அந்த அளவு எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது? கழிவுநீரால் பாசி மண்டிய ஏரியில் நண்பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியை மிகுதியாக வெளியிடும். இரவில் அதே பாசி உயிர்வளியை உட்கொள்ளும். விடியற்காலையில் அளவு மிகத் தாழ்ந்திருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு நலமாகத் தோன்றும் ஏரியில் மறுநாள் காலை மீன்கள் செத்து மிதக்கலாம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் இறந்து கரையொதுங்கியதை நகர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நேரம் குறிக்கப்படாத ஓர் எண், பொய் சொல்லாமலேயே ஏமாற்றிவிடும்.

ஆகவே ஒவ்வோர் எண்ணோடும் அதன் பிறப்புக் குறிப்பு சேர்ந்து செல்ல வேண்டும். எந்த இடத்தில், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் கருவியால், யாரால் அளக்கப்பட்டது என்னும் ஐந்தும் இல்லாத அளவை வரைபடத்தில் சேர்க்காமலிருப்பதே மேல். நிறம் தீட்டப்பட்ட வரைபடத்திற்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. அட்டவணையை ஐயுறும் அலுவலர் கூட வரைபடத்தை நம்பிவிடுகிறார்.

இடத்தைக் குறிப்பதிலும் இதே கவனம் தேவை. கைத்தொலைபேசி திறந்தவெளியில் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். உயர்ந்த கட்டிடங்களுக்கிடையே பிழை பெருகும். ஏரியைக் குறிக்க இது போதும். பத்து மீட்டர் அகலக் கால்வாயின் எந்தக் கரையில் ஒரு சுவர் நிற்கிறது என்பதைத் தீர்மானிக்க இது போதாது. வரைபடத்தின் அளவுகோலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் பத்து மீட்டர் கால்வாயின் அகலம் 0.2 மில்லிமீட்டரே, பேனாவின் கோடே அதனினும் தடித்தது. பழைய மைசூர் நாட்டுக் கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்கு எட்டு அங்குலம், அதாவது 1:7,920 என்னும் அளவில் வரையப்பட்டவை. அவற்றில் அதே கால்வாய் ஒன்றே கால் மில்லிமீட்டர் அகலம் பெறும். முந்தையதைப் பெரிதாக்கிப் பார்ப்பதால் அதில் இல்லாத விவரம் வந்துவிடாது. திரையில் விரலால் விரித்துப் பார்க்கும் வசதி இவ்வுண்மையை மறக்கச் செய்கிறது.

பழைய கிராம வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்துவதற்கு, இரண்டிலும் இடம் மாறாமல் நிற்கும் புள்ளிகளைக் கண்டறிய வேண்டும். மூன்று கிராம எல்லைகள் கூடுமிடத்தில் நடப்பட்ட எல்லைக்கல், கோயில், ஏரிக்கரையின் முனை, பழைய கிணறு ஆகியவை இதற்கு உதவும். இவற்றுள் பல இன்று அடுக்கு வீடுகளுக்கிடையே மறைந்துள்ளன. அவற்றைக் காட்டக்கூடியவர்கள் அவ்வூரின் முதியவர்களே. கணினி அறிந்த இளைஞரும் ஊரறிந்த முதியவரும் ஒரே படத்தின் முன் அமரும் வாய்ப்பை இப்பணி ஏற்படுத்துகிறது. வயலிலோ தெருவிலோ நிற்பவருக்கு அந்நிலத்தின் சர்வே எண்ணைக் காட்டும் 'திஷாங்க்' என்னும் செயலியைக் கர்நாடக அரசு பொதுமக்களுக்கு வழங்கியிருப்பது இவ்வகையில் பெரும் உதவியாகும்.

கிணறுகள் சொன்ன செய்தி

உள்ளூர்த் தகவல் வரைபடமாவதன் முழுப் பயனைக் காண நிலத்தடி நீரைப் போலத் தக்க எடுத்துக்காட்டு வேறில்லை. ஏரியைக் கண்ணால் காணலாம். நிலத்தடி நீரைக் காண முடியாது. ஒரு கிணறு ஓர் ஊசித்துளை வழியே பார்ப்பதைப் போன்றது. பல கிணறுகளின் அளவுகள் சேர்ந்தால்தான் உருவம் தெரியும்.

2010ஐ அடுத்த ஆண்டுகளில், நகரின் தென்கிழக்கே சர்ஜாபூர் சாலை, யமலூர் சூழ்ந்த பகுதியில் இத்தகைய முயற்சி ஒன்று மேற்கொள்ளப்பட்டது. விப்ரோ நிறுவனத்தின் ஆதரவுடன், பெங்களூரின் பயோம் சுற்றுச்சூழல் அறக்கட்டளையும், புணேயைச் சேர்ந்த அக்வாடாம் என்னும் நிலத்தடி நீர் ஆய்வு நிறுவனமும் குடியிருப்போரின் துணையுடன் கிணறுகளின் விவரங்களைத் திரட்டி, இணையவழி வரைபடத்தில் காணுமாறு செய்தன. காவிரிக் குழாய் எட்டாத அப்பகுதியில் அடுக்குக் குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணறுகளையும் தண்ணீர் லாரிகளையும் நம்பியிருந்தன. தம் கிணற்றின் கதியை ஒவ்வொரு குடியிருப்பும் அறிந்திருந்தது. அடுத்த சுவருக்கு அப்பாலுள்ள கிணற்றைப் பற்றி அறியவில்லை.

பெங்களூரின் அடித்தளம் கடினமான நைஸ் பாறையாகும். மேலே மண்ணும் சிதைந்த பாறையும் சில பத்து மீட்டர் ஆழம் வரை உள்ளன. மழைநீர் முதலில் தேங்குவது இங்கேதான். திறந்த கிணறுகள் இந்நீரைத் தந்தன. அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகளில் மட்டுமே நீர் நிற்கும். ஆயிரம் அடியையும் கடந்து செல்லும் ஆழ்துளைக் கிணறு அவ்வெடிப்பைத் தொட்டால் நீர். தொடாவிட்டால் வீண் செலவு. அருகருகே துளையிட்ட இரு கிணறுகளில் ஒன்று நீர் தந்து மற்றொன்று வறண்டிருப்பதை மக்கள் அதிர்ஷ்டம் என்பர். பல நூறு கிணறுகளின் விவரங்களை ஒரே படத்தில் இட்டுப் பார்க்கும் நிலநூல் வல்லுநர், வெடிப்புகள் செல்லும் திசையை அதில் தேடுவார்.

ஆனால் கிணற்றுத் தகவலைச் சேகரிப்பதில் தொடக்கத்திலேயே ஒரு குழப்பம் நேருகிறது. 'உங்கள் கிணறு எவ்வளவு ஆழம்?' என்று கேட்டால் சிலர் துளையின் ஆழத்தைக் கூறுவர்; சிலர் மோட்டார் இறக்கப்பட்ட ஆழத்தைக் கூறுவர்; சிலர் நீர் நிற்கும் ஆழத்தைக் கூறுவர். மூன்றும் வெவ்வேறு. அடியில் கூறியதை மீட்டரில் எழுதிவிடுவதும் உண்டு. மேலும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதோ நிறுத்திய உடனேயோ அளந்தால் நீர்மட்டம் தாழ்ந்தே காணும். சில மணி நேரம் ஓய்வு தந்தபின் அளப்பதே முறை. மழைக்கு முன் மே மாதத்திலும், மழைக்குப் பின் நவம்பரிலும் ஒரே கிணற்றை அளந்தால், அவ்வாண்டு மழை நிலத்துக்குள் சேர்த்த நீரை ஓரளவு மதிப்பிடலாம்.

இரு கிணறுகளை ஒப்பிடுவதற்கு நீர் நிற்கும் ஆழம் மட்டும் போதாது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு திறந்த கிணற்றில் 12 மீட்டர் ஆழத்திலும், 885 மீட்டர் உயரத்திலுள்ள மற்றொன்றில் 4 மீட்டர் ஆழத்திலும் நீர் நிற்பதாகக் கொள்வோம். முதலாவதில் நீர் அருகிவிட்டதெனத் தோன்றும். தரை உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் முதலாவதன் நீர்மட்டம் 888 மீட்டர்; இரண்டாவதன் நீர்மட்டம் 881 மீட்டர். முதற் கிணற்றின் பக்கமிருந்து இரண்டாவதன் பக்கமே நீர் நகரும். மேல்நிலத்துக் குடியிருப்பு மழைநீரை மண்ணுக்குள் விட்டால் கீழ்நிலத்துக் கிணறு பயன் பெறும். அங்கே கழிவுநீர்த் தொட்டி கசிந்தால் அதன் விளைவையும் கீழ்நிலத்தார் ஏற்க நேரும். இச்சிறு கழித்தல் கணக்கு வரைபடத்தில் அம்புக்குறியாக மாறும்போது, அண்டை வீட்டார் ஒருவரோடொருவர் பேச வேண்டிய காரணம் பிறக்கிறது. தரையின் உயரத்தைக் கைத்தொலைபேசி கொண்டு எடுப்பது மட்டும் தவிர்க்கப்பட வேண்டும்; உயரத்தில் அதன் பிழை மேற்கண்ட வித்தியாசத்தையே விழுங்கிவிடும்.

கிணறு வெட்டுதலை வழிவழியாகச் செய்து வரும் மண்ணு ஒட்டர் சமூகத்தினர் பெங்களூரைச் சுற்றி வாழ்கின்றனர். எந்தப் பகுதியில் எத்தனை அடியில் மண் மாறும், எங்கே நீர் ஊறும் என்பது அவர்களின் கைப்பழக்கமான அறிவு. மழைநீரை உள்ளிறக்கும் கிணறுகளைப் பரவலாக்கும் நோக்குடன் பயோம் தொடங்கிய 'பத்து லட்சம் கிணறுகள்' இயக்கம் இவர்களின் திறனையே நம்பியது. கப்பன் பூங்காவில் தூர்ந்து கிடந்த ஏழு பழைய கிணறுகள் இவ்வாறு உயிர் பெற்றன. இவர்கள் தோண்டும் ஒவ்வொரு கிணற்றின் மண்ணடுக்கும் பதிவு செய்யப்படுமாயின், எந்த ஆய்வு நிதியாலும் வாங்க முடியாத நிலநூல் வரைபடம் ஒன்று உருவாகும்.

இத்தகைய தகவலின் மதிப்பு 2024 மார்ச்சில் தெரிந்தது. நகரில் அரசுப் பொறுப்பிலிருந்த ஏறத்தாழ 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக அப்போது அறிவிக்கப்பட்டது. தனியார் கிணறுகள் இக்கணக்கில் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது உண்மையே. எனினும் அந்நீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சில நூறு மீட்டர் உயரத்திற்கு மின்சாரத்தால் ஏற்றப்பட்டு வருவது.

காட்ட விரும்பாதவரும் காட்டப்படாதவரும்

மக்கள் தாமே முன்வந்து தகவல் தருவார்கள் என்று எண்ணுவது எளிது. கர்நாடகத்தின் 2011ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கிணறுகளைப் பதிவு செய்ய வேண்டுமெனக் கூறுகிறது. பதிவு செய்யாத கிணற்றின் உரிமையாளர் அதனை வரைபடத்தில் காட்டத் தயங்குவார். நீர் விற்பவர் காட்டவே மாட்டார். 'இத்தெருவில் வெள்ளம் புகும்' என்று குறித்தால் மனையின் விலை இறங்குமென அஞ்சும் வீட்டுக்காரர், முழங்காலளவு நீரில் நின்றுகொண்டே நீர் இல்லை என்பார். இவ்வச்சங்களை அறியாமை என ஒதுக்கலாகாது. தனி வீட்டின் பெயரையும் எண்ணையும் மறைத்து, சில நூறு மீட்டர் கட்டங்களாகப் பிரித்துச் சராசரியைக் காட்டுவது ஒரு வழி. கால்வாய், ஏரி, பொதுக் கிணறு போன்றவற்றுக்கு இம்மறைப்பு தேவையில்லை.

இதனினும் கவலைக்குரியது வேறொன்று உண்டு. ஓய்வு நேரமும் நல்ல கைத்தொலைபேசியும் உள்ள குடியிருப்புகளிலிருந்து பதிவுகள் குவியும். கால்வாயோரக் குடிசைப் பகுதியிலிருந்தும், கட்டுமானத் தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகைகளிலிருந்தும் ஒன்றும் வராது. வரைபடத்தில் முன்னது புள்ளிகளால் நிறைந்தும், பின்னது வெறுமையாகவும் காணும். அவசரமாகப் பார்க்கும் அலுவலர், புள்ளி நிறைந்த இடத்தில் தொல்லை மிகுதி, வெற்றிடத்தில் தொல்லையில்லை என முடிவு செய்தால், நிதி தவறான இடத்திற்குச் செல்லும். தாழ்ந்த நிலத்தில் நீர் முதலில் புகுவது அக்கொட்டகைகளில்தான். கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதி அச்சு வரைபடங்களில் வெற்றிடமாகவே இருந்து வந்தது. 2009இல் அப்பகுதி இளைஞர்களே பயிற்சி பெற்று, ஒவ்வொரு சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய்களையும் கழிப்பிடங்களையும் குறித்தனர். பெங்களூரில் பள்ளி மாணவர்கள், ஆஷா பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோர் இப்பணிக்குத் தக்கவர்கள். பெரிய தாளில் அச்சிட்ட வரைபடத்தை அங்கன்வாடித் தரையில் விரித்துப் பென்சிலால் குறிக்கச் செய்து, பின்னர் கணினியில் ஏற்றலாம். தகவல் இல்லாத இடத்தைத் தனி நிறத்தால், 'அளக்கப்படவில்லை' எனக் காட்டுவதும் கட்டாயமாக வேண்டும்.

பதிவைப் பெறுபவர் யார்?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, பெங்களூரில் பணியாற்றிய வரைபட வல்லுநர்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைக் கொண்டு ஓர் ஊடாடும் வரைபடத்தை விரைந்து அமைத்தனர். ஒருவர் தம் தெருவின் மீது தொட்டால் அத்தெரு நீர் தேங்கியதாக நிறம் மாறும். சில நாட்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் இவ்வாறு குறிக்கப்பட்டன. எந்த அரசு அலுவலகமும் தரவியலாத வேகம் அது. ஆயினும் இவ்வகைப் படங்களுக்கு இயல்பான ஒரு குறை உண்டு. நீர் புகுந்ததும் பதிவு செய்பவர், நீர் வடிந்த பின் திரும்பி வந்து அதனைக் கூறுவதில்லை. பதிவுக்குக் காலக்கெடு வைத்து, உறுதி செய்யப்படாதவை தாமே மங்கி மறையுமாறு அமைத்தல் வேண்டும்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் 2014 டிசம்பரில் தொடங்கிய வெள்ள வரைபடம் மற்றொரு படிப்பினையைத் தருகிறது. அங்கும் மக்களே சமூக ஊடகம் வழியே செய்தி அனுப்பினர். ஆனால் நகரின் பேரிடர் மேலாண்மை அலுவலகம் அம்முயற்சியில் தொடக்கத்திலேயே பங்கு கொண்டிருந்தது. பதிவு செய்பவருக்கு அதனைப் பார்ப்பவர் ஒருவர் மறுமுனையில் இருக்கிறார் என்பது தெரியும். பதிலில்லாத வரைபடத்தில் எவரும் இரண்டாம் முறை எழுதுவதில்லை.

பெங்களூரில் 2020இல் பேரிடர் கண்காணிப்பு மையமும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 'மேக சந்தேஷ' என்னும் செயலியை வெளியிட்டன. மழை, கால்வாய் நீர்மட்டம், வெள்ள வாய்ப்பு ஆகியவற்றை அது மக்களுக்குக் கூறுகிறது. இது மேலிருந்து கீழே வரும் செய்தி. தெருவில் நிற்கும் நீரின் ஆழத்தைக் கீழிருந்து மேலே அனுப்பும் பதிவுகள் அதனுடன் ஒப்பிடப்பட்டால், கணித முறையால் பெற்ற வெள்ள முன்கணிப்பு எங்கே தவறுகிறது என்பதை ஆண்டுதோறும் திருத்திக்கொள்ளலாம். மக்களின் பதிவு தணிக்கை செய்யப்பட வேண்டியது மட்டுமன்று. அரசின் கணிப்பைத் தணிக்கை செய்யவும் அது பயன்படும். இதனை ஏற்கும் மனப்பாங்கு எல்லா அலுவலகங்களிலும் இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

சட்டத்தில் முன்பிருந்த தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. 2021 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், இந்தியக் குடிமக்களும் நிறுவனங்களும் முன் அனுமதியின்றி வரைபடத் தகவல்களைத் திரட்டவும் வெளியிடவும் பெரிதும் வழிவிட்டன. 2022இல் தேசியப் புவியிடக் கொள்கை வந்தது. தாமே முன்வந்து தகவல்களை வெளியிடும் கடமையை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அலுவலகங்களுக்கு விதித்துள்ளது. எனினும் பல துறைகள் அளவுகளைப் படமாக ஒட்டிய ஆவணங்களாகவே வெளியிடுகின்றன. அவற்றைக் கண்ணால் படிக்கலாம். கணினியால் கூட்டவோ கழிக்கவோ முடியாது. இடக்குறிப்புடன் கூடிய அட்டவணையாக அதே தகவலைத் தருவதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.

நிர்வாக எல்லைகள் அடிக்கடி மாறுவதையும் கருத்தில் கொள்ள வேண்டும். 2010இல் மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது பெங்களூரில் 198 வார்டுகள் இருந்தன. 2022இல் 243 எனவும், 2023இல் 225 எனவும் மறுவரையறை செய்யப்பட்டன. 2025 செப்டம்பரில் பெருநகர மாநகராட்சியே மறைந்து, பெரும் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் தோன்றின. பதினைந்து ஆண்டுகளாக வார்டின் பெயரால் மட்டும் எழுதி வைக்கப்பட்ட வெள்ளப் புகார்களை இன்று எந்த அலுவலகத்தின் கணக்கில் சேர்ப்பது? அட்சரேகை, தீர்க்கரேகையுடன் எழுதப்பட்ட புகாருக்கு இத்தொல்லை இல்லை. எந்த எல்லை வரையப்பட்டாலும் அது தன் இடத்தில் நிற்கும்.

நீருக்கு வார்டு தெரியாது. கோரமங்களாப் பள்ளத்தாக்கின் கால்வாய் நகரின் நடுவே தொடங்கி ஒன்றுக்கு மேற்பட்ட மாநகராட்சிகளைக் கடந்தே பெல்லந்தூர் ஏரியை அடைகிறது. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றிச் செய்தியான அவ்வேரியிலிருந்து நீர் வர்த்தூருக்கும், பின்னர் தென்பெண்ணைக்கும் செல்கிறது. மக்கள் வரைபடம் வடிநிலத்தை அலகாகக் கொள்ளுமாயின் அது கர்நாடக எல்லையில் நிற்க இயலாது. பெல்லந்தூரின் மறுகாலில் ஒரு நாள் பதிவான மாசு எத்தனை நாட்களில் கெலவரப்பள்ளி வந்து சேர்கிறது, இடையே எந்த இடத்தில் குறைகிறது, எங்கே புதிதாகச் சேருகிறது என்பதை, இரு மாநில வாரியங்களும் ஒரே நாளில், ஒரே முறையில் அளந்து ஒரே படத்தில் இட்டால் மட்டுமே ஓசூர் உழவரும் பெல்லந்தூர்க் குடியிருப்பாரும் காண முடியும். ஆற்றோரம் நான்கைந்து அளவிடங்கள் இதற்குப் போதும். முதல் அளவை அடுத்த கோடையில், நீர் மிகக் குறைந்து கழிவு மிகத் தெளிவாகத் தெரியும் ஏப்ரல் மாதத்தில் எடுக்கலாம்.